டாக்டர் வராத வழக்கு

கள்ளக்குறிச்சி நீதிமன்ற வராண்டாவில்தான் அவரைப் பார்த்தேன். வெள்ளிமலைக்காரர். ஒடிசலான உடம்பு, தொளதொளவென்ற வெள்ளைச் சட்டை. வாசலில் கார் வந்து நின்றால் போதும், எழுந்து ஓடிப்போய் எட்டிப் பார்ப்பார். பிறகு வாடிய முகத்தோடு வந்து உட்காருவார்.

தனியார் மருத்துவமனையில் ஊசி மருந்தை மாற்றிப் போட்டதில் அவர் மனைவி இறந்துவிட்டார். அதற்காகத்தான் வழக்கு. நான் என் நிலத்தகராறு வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம் அவரும் இருப்பார்.

"யாரைத் தேடறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டாக்டரத்தாங்க. அவரோட வக்கீலுதான் வந்துகினு இருக்காரு."

"டாக்டர் வராட்டியும் தீர்ப்பு உங்க பக்கம்தாங்க வரும்."

"தீர்ப்ப வச்சிக்கினு இன்னாங்க பண்றது? ஊசி போட்டதும் அவளுக்குத் தூக்கித் தூக்கிப் போட்டுச்சி. என்ன வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டாங்க. உள்ள அவ என்னமோ சொன்னா. கொரலு கேட்டுச்சி, இன்னா சொன்னான்னு புரியல. டாக்டரு பக்கத்துலதான இருந்தாரு? அத அவராண்ட கேக்கணும்னுதாங்க கேசே போட்டேன்."

மருத்துவமனையின் தவறுதான் என்று தீர்ப்பு வந்த அன்றும் நான் அங்கே இருந்தேன். வெள்ளிமலைக்காரரின் வக்கீல் சிரித்தபடி கைகொடுத்துவிட்டுப் போனார். இவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இனிமே டாக்டரு இங்க வரவே மாட்டாராங்க?"