மஞ்சள் பூவை நம்பி

நான் தப்புச் செய்தாலும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. கண்டி மஹய்யாவவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவு முழுவதும் நாலு வருடம் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது என் தப்புதான்.

நாவலப்பிட்டியில் தங்கையைப் பார்க்கப் போன இடத்தில், பாதையோரம் படர்ந்திருந்த கொடியைக் கண்டேன். பளபளப்பான இலை, மஞ்சள் பூ. பார்த்தவுடன் முடிவு கட்டிவிட்டேன்: மஞ்சள் கரிசலாங்கண்ணி! நாலு கொடியை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து நட்டேன். இலையைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி வீட்டில் எல்லோர் தலையிலும் தேய்த்தேன். என் கணவரின் வழுக்கை அப்படியே இருந்தது. அதை அப்போதே சாட்சியாக எடுத்திருக்கலாம்.

அடுத்த வீட்டில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்றவர், குரல் உயர்த்தாதவர். வேலியருகே வந்து கொடியைக் கூர்ந்து பார்த்தார்.

"இது கையாந்தகரை இல்லைப் போல கிடக்கு," என்றார். கரிசலாங்கண்ணிக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர். "அது வெள்ளைப் பூவெல்லோ?"

"அது உங்க ஊருல டீச்சர். எங்க பக்கம் மஞ்சப் பூ பூக்கிறதும் இருக்கு. அதுதான் ஒசத்தி."

மஞ்சள் பூ பூக்கிற கரிசலாங்கண்ணி இருப்பது உண்மை. அந்த உண்மையை வைத்தே அவர் வாயை அடைத்தேன். அதோடு விட்டேனா? இரண்டு கொடியை அவர் கையிலும் திணித்தேன். "ஒரு கணு போதும். புடிச்சிருச்சுன்னா விடாது."

மரியாதைக்காக அவர் அதைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நட்டார். அங்கேதான் அவருடைய வல்லாரைப் பாத்தி இருந்தது. தாய் வீட்டுக் கிணற்றடியிலிருந்து பால்மா டின்னில் கொண்டுவந்த வல்லாரை. அந்த வீடும் இல்லை, கிணறும் தூர்ந்துவிட்டது. அந்த வல்லாரையில் சம்பல் அரைக்கும் நாளெல்லாம் எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும். பிறகு கிண்ணம் வருவது நின்றது. ஏதோ கோபம் என்று நினைத்துக் கேட்காமல் இருந்துவிட்டேன்.

ஒருநாள் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பூக்கன்று விற்கும் சிங்களவர் ஒருவரிடம் என் கொடியைப் பெருமையாக நீட்டினேன். சிரித்துவிட்டார். "கஹ கராபு" என்றார். மஞ்சள் தோடு என்று அர்த்தம். அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்ததாம், போகிற இடத்திலெல்லாம் மற்றதை மூடிவிடுமாம். அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணியையும் கொண்டுவந்து காட்டினார். ஒடுங்கிய இலை. என் கொடியின் இலைக்கோ மூன்று முனை. நான் பூவைப் பார்த்தேனே தவிர இலையைப் பார்க்கவில்லை.

அசலில் ஒரு கன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறிய பிறகுதான் வல்லாரைப் பாத்தி நினைவுக்கு வந்தது. நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். பாத்தி இருந்த இடத்தில் மஞ்சள் பூ மட்டும்தான் இருந்தது.

"ஏன் டீச்சர் சொல்லல?"

"நீங்கள் ஆசையாத் தந்தது. எப்பிடிப் பிடுங்கிறது?"

வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டு மூலையில் உட்காரும் பழக்கம் எனக்கில்லை. மண்வெட்டியோடு வந்து அவர் வீட்டு வளவில் இறங்கினேன். கணுவுக்குக் கணு வேர். அறுந்த துண்டும் மறுபடி முளைக்கும். ஓடையில் எறிந்தால் அடுத்த ஊருக்குப் போகும் என்று, பிடுங்கியதையெல்லாம் தகரக் கூரையில் பரப்பிக் காயவிட்டோம். நாலு ஞாயிற்றுக்கிழமை இடுப்பொடிந்தது. ஒரு வல்லாரை இலைகூடக் கண்ணில் படவில்லை. டீச்சரும் என்னோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்தாவது ஞாயிறு துவைக்கிற கல்லைப் புரட்டினேன். அதன் அடியோரத்தில், வெளிறிப்போய் மூன்று கொடி. டீச்சர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். இலையைக் கிள்ளி முகர்ந்தார். "அம்மான்ர வல்லாரைதான்," என்று அழுதார். நானும் அழுதேன்.

பிறகு அவர் எழுந்து, மூன்றில் ஒன்றை வேரோடு கிண்டி என் கையில் வைத்தார்.

"ஐயோ டீச்சர், எனக்கா? இருக்கிறதே மூணு!"

"உங்கட பக்கமும் ஒண்டு நிக்கட்டும். என்ரை அழிஞ்சாலும் உங்களிட்டை வந்து கேக்கலாம்."

என் சரிவையும் பிடுங்கி முடித்தேன். அங்கே இப்போது அசல் கரிசலாங்கண்ணியும் வல்லாரையும். வருகிறவர்களுக்கு முதலில் இலையைக் காட்டுகிறேன், பிறகுதான் கொடுக்கிறேன். கரிசலாங்கண்ணியை என்னுடையது என்பேன். வல்லாரையை மட்டும் டீச்சருடையது என்று சொல்லித்தான் கொடுப்பேன்.