படியில்லாத தொட்டி

முதலில் என்னைக் கைவிட்டது பேருந்துப் படி. கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டியில் ஏற வலது காலைத் தூக்கினேன். முட்டி மடங்க மறுத்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு நடத்துபவள் நான். அன்று வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

முடக்குவாதம் என்றார் மருத்துவர் (உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்). மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்தது. காலையில் விரல்கள் மடங்குவதற்குள் வெயில் ஏறிவிடும். பள்ளியில் நீண்ட விடுப்பு கொடுத்தார்கள். அடுத்த ஜூனில் வராவிட்டால் வேறு ஆள் என்றும் சொல்லிவிட்டார்கள்.

நீர்ப்பயிற்சி (தண்ணீருக்குள் நடப்பது, உடம்பின் பாரம் மூட்டில் விழாது) நல்லது என்று மருத்துவர் சொன்னதுதான் தாமதம், துபாயில் இருக்கும் என் தம்பி ஹாட் டப் வாங்கித் தருகிறேன் என்று கிளம்பிவிட்டான். அது வெந்நீரில் உட்காரும் தொட்டி. சுற்றிலும் நீர் பீய்ச்சி முதுகில் அடிக்கும். என் கணவர், வாங்குவதானால் ஸ்விம் ஸ்பா என்றார். அது நீளத் தொட்டி. மோட்டார் ஒரு பக்கத்திலிருந்து தண்ணீரைத் தள்ளும், எதிர்த்து நீந்தலாம், நடக்கலாம்.

மாமனும் மச்சானும் போனில் மாதக் கணக்கில் கட்சி கட்டினார்கள். தம்பிக்கு முதலாளி வீட்டில் பார்த்த ஆசை. கணவருக்குப் பிள்ளைகள் நீச்சல் கற்றுக்கொள்ளலாமே என்ற எண்ணம். வலிக்கிற முட்டி யாருடையது என்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதாவது என்னை ஒரு வார்த்தை கேட்டார்கள்.

நானே போய் மருத்துவரைக் கேட்டேன்.

"வீங்கின மூட்ட சூட்டுல ஊறப் போடாதீங்க. ஒக்காந்தா சுகமாத்தான் இருக்கும், கால் பலமாவாது. இதமான தண்ணியில நடங்க," என்றார் அவர்.

ஸ்விம் ஸ்பா முடிவானது. ஜெயித்தது கணவர்தானாம்.

பொங்கலுக்குத் தொட்டி வந்து இறங்கியது. அதற்கு முன்பே வாஸ்துக்காரர் வந்து போயிருந்தார். தண்ணீர் ஈசானிய மூலை, நெருப்பு அக்கினி மூலை. தண்ணீரைச் சூடாக்கினால் எந்த மூலை என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் வடகிழக்கு ஈசானியத்துக்கே கை காட்டினாராம். அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். விளிம்பு என் நெஞ்சு உயரம். ஏறுவதற்குப் படி இல்லை. ஈசானியத்தில் படிக்கட்டு ஆகாதாம்.

நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நோய் வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

"அதனால என்ன, நாங்க ரெண்டு பேரும் தூக்கி உள்ள வுடுறோம்," என்றார் கணவர். ஊருக்கு வந்திருந்த தம்பியும் தலையாட்டினான்.

"நான் என்ன சதுர்த்திப் புள்ளையாரா, தூக்கிட்டுப் போயி தண்ணியில போட?"

"படி வச்சா வீட்டுக்கு ஆவாதுன்றாரும்மா," என்றார் கணவர்.

"ஜூன் வந்தா என் வேலை போயிடும். அது மட்டும் வீட்டுக்கு ஆவுமா?"

கொத்தனாரை நானே கூப்பிட்டேன். குட்டையாக, அகலமாகப் படிகள், இரண்டு பக்கமும் கைப்பிடி. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தினமும் காலையில் இறங்கினேன். தண்ணீருக்குள் என் கால் எனக்கே லேசாக இருந்தது. வெளியே வந்ததும் பழைய பாரம். பல நாள் அழுதிருக்கிறேன். நடந்து கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விடும், எதிரே வந்த தண்ணீர் அடங்கிவிடும். நான் பாட்டுக்கு நடப்பேன்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடைக்காரர் நுரையையும் விளக்கையும் காட்டுவார். நீங்கள் விளிம்பைப் பாருங்கள், உங்கள் கால் அதைத் தாண்டுமா என்று பாருங்கள். வீட்டில் யார் ஜெயித்தாலும் இறங்கப் போவது நீங்கள்தான்.

நோய் போகவில்லை. மழை நாளில் விரல்கள் இன்னும் இறுகுகின்றன. முன்பு ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறுவேன். இப்போது என் உடம்புக்கென்று தனியாக ஒரு கடிகாரம் இருக்கிறது, அதை யாராலும் விரட்ட முடியாது.

ஜூனில் பள்ளி திறந்த அன்று அதே பேருந்து நிலையம், அதே சிதம்பரம் வண்டி. கம்பியைப் பிடித்து வலது காலை முதல் படியில் வைத்தேன். நடத்துநர் கை நீட்டினார், வேண்டாம் என்றேன். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று, சாவகாசமாக இடது காலைத் தூக்கினேன்.