ஃபியூஸில் வைத்த சந்தனம்

போன மாதம் காரியாபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் வெள்ளை அம்பாசிடர் ஒன்று மாலை போட்டுக்கொண்டு நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்காக வாடகைக்கு வந்த வண்டி. ஓடுமா என்று விசாரித்தேன். ஓடாதாம். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்களாம். எத்தனையோ கல்யாண வீட்டாரைச் சுமந்த வண்டியை இப்போது இன்னொரு வண்டி சுமக்க வேண்டியிருக்கிறது.

மனசு கேட்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டேன். வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை அப்படியே இருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் ஏசிப் பெட்டி இருக்கிறதா என்று குனிந்து தேடினேன். போட்டோ எடுக்கிற தம்பி, "அங்கிள், கொஞ்சம் வெளிய வாங்க, உங்க காலு மட்டும் படத்துல விழுது" என்றார். வந்துவிட்டேன். ஆனால் பந்தியில் உட்கார்ந்து சாம்பார் ஊற்றியபிறகும் மூக்கில் அந்த ரெக்சின்தான் இருந்தது.

உங்களுக்குச் சொன்னால் என்ன. இருபத்தாறு வயதில் நான் அருப்புக்கோட்டையில் வாடகைக் கார் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். அவரிடம் மூன்று அம்பாசிடர். அதில் ஒன்றுக்கு மட்டும் ஏசி. கம்பெனியில் இருந்து வந்தது இல்லை. மதுரையில் ஒரு மெக்கானிக் தனியாகப் பெட்டி வாங்கி டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டிக் கொடுத்தது. முன்சீட்டில் உட்காருகிறவர் முழங்காலை அதில் இடித்துக்கொள்ளாமல் இறங்கியதே இல்லை. ஏசியைப் போட்டதும் எஞ்சின் ஒரு தரம் முக்கும். மேடு வந்தால் அணைத்துவிட வேண்டும். அப்படியும் எங்கள் கரிசல் வெயிலில், பங்குனி சித்திரையில், அந்தப் பெட்டியிலிருந்து வருகிற காற்றுக்கு நான் அடிமை. எங்கள் பக்கத்தில் ஏசி என்பது அப்போது ஆஸ்பத்திரி ஆபரேஷன் ரூமில் இருக்கிற சமாச்சாரம். அதை அனுபவிக்க வேண்டுமென்றால் வயிற்றைக் கிழிக்கக் கொடுக்க வேண்டும். நரிக்குடியிலிருந்து பத்திரம் பதிய வந்த ஒரு பெரியவர், திருச்சுழியில் ஆபீஸ் வாசலில் நிறுத்தியபிறகும் இறங்க மனசில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் அப்படியே இருந்தார். நானும் எழுப்பவில்லை.

அந்த வண்டியில்தான் நான் பெண் பார்க்கப் போனேன். அதற்கு முன் மூன்று இடத்தில் பேசி, மூன்றிலும் டிரைவர் என்றதும் பின்வாங்கிவிட்டார்கள். ராத்திரி பகல் இல்லாத பிழைப்பு, வண்டி எங்கே நிற்கும் ஆள் எங்கே படுப்பான் என்று தெரியாத பிழைப்பு என்பது அவர்கள் கணக்கு. நாலாவதாகப் பாளையம்பட்டியில் ஓர் இடம் வந்தது. பெண்ணின் அப்பா நூலுக்குச் சாயம் போடுகிறவர். பெண் வீட்டோடு இருக்கிற பிள்ளை, வெளியே தெருவே தெரியாது என்று தரகர் சொன்னார். அதே தரகர் அங்கே போய் என்னைப் பற்றி என்ன சொன்னார் தெரியுமா? மாப்பிள்ளைக்கு ஏசி கார் இருக்கிறது என்று. நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. காரணம், பெண்ணின் போட்டோ. ஸ்டுடியோவில் அருவி வரைந்த திரைக்கு முன்னால் நின்றுகொண்டு, சீக்கிரம் எடு, எனக்கு வேலை கிடக்கிறது என்கிற முகத்தோடு ஒரு பார்வை. அந்தப் பார்வை எனக்குப் பிடித்துப்போயிற்று. இந்த இடமும் தட்டிப்போனால் தாங்க மாட்டேன் என்று நிஜமாகவே நினைத்தேன்.

அதனால் அன்றைக்குக் காலையில் என் பக்தி கொஞ்சம் கரை உடைத்துவிட்டது. முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்த வண்டியைக் கழுவித் துடைத்து நம்பர் பிளேட்டுக்குச் சந்தனம் குங்குமம், ஸ்டியரிங்குக்கு, நாலு டயருக்கு, டிக்கியின் சாவித் துவாரத்துக்குக்கூட வைத்தேன். பிறகு, இன்றைக்கு மானத்தைக் காப்பாற்ற வேண்டியது ஏசிதானே என்று தோன்றியது. ஏசியில் காற்றைத் தள்ளுகிற பிளோயருக்கென்று தனியாக ஒரு கண்ணாடி ஃபியூஸ் உண்டு. அதைக் கழற்றி, இரண்டு முனையிலும் குழைத்த சந்தனத்தைத் தாராளமாகத் தடவி, குங்குமமும் ஒரு சொட்டு வைத்து, கண்ணில் ஒற்றி மறுபடி மாட்டினேன்.

எங்கள் வீடு இருந்த திருச்சுழியிலிருந்து கிளம்பினோம். பின்சீட்டில் பட்டுச்சேலையில் அம்மா, முன்சீட்டில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு தாய்மாமா. பாதி தூரம் காற்று அருமையாக வந்தது. அம்மா சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, குளிருது என்று பெருமையாகச் சொன்னாள். வழியில் வறண்ட கண்மாய்க் கரை ஒன்று உண்டு. அதைத் தாண்டும்போது பெட்டியின் ஹூம் என்ற சத்தம் இளைத்துக்கொண்டே வந்து நின்றுவிட்டது. மாமா ஜன்னல் மாதிரி இருக்கிற அதன் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விசையை மூன்று தரம் திருகினேன். பிளோயர் அசையவில்லை.

கண்ணாடியை இறக்கியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அம்மா விடவில்லை.

"கண்ணாடிய எறக்காத. ஏசி வண்டின்னு சொல்லி வச்சிருக்கு. தெருவே பாக்கும்."

ஆக, வைகாசி வெயிலில், நாலு கண்ணாடியும் மூடிய காருக்குள், இட்லிச் சட்டியில் வேகிற மாதிரி வெந்துகொண்டு நாங்கள் பாளையம்பட்டிக்குள் நுழைந்தோம். தெருவில் நின்றவர்கள் எங்களைப் பொறாமையோடு பார்த்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்து, குளிரில் இருக்கிறவள் மாதிரி சிரித்தாள்.

பெண் வீட்டில் கரண்டு இல்லை. காற்றாடி சும்மா தொங்கியது. சுடச்சுடக் காபி வந்தது. கொண்டுவந்தவள் டம்ளரை நீட்டிவிட்டு, உடம்போடு ஒட்டிப்போன என் சட்டையைப் பார்த்தாள். ஏசி காரில் வந்த ஆள் ஏன் கிணற்றிலிருந்து ஏறிவந்த மாதிரி இருக்கிறான் என்ற கேள்வி அந்த முகத்தில் எழுதியிருந்தது. அதற்குள் அம்மாவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. பெண்ணின் அப்பா நல்ல மனுஷர். பதறிப்போய், "தம்பி, அம்மாவக் கூட்டிட்டுப்போயி கார்ல ஒக்கார வச்சு ஏசியப் போடுங்க" என்றார்.

போடாமல் இருக்க என்ன காரணம் சொல்வது? அம்மாவைப் பின்சீட்டில் சாய்த்துவிட்டு, ஏதோ சின்னக் கோளாறு என்று முனகிக்கொண்டே எஞ்சினை ஓடவிட்டு பானட்டைத் திறந்தேன். கம்ப்ரசர் டக்கென்று பிடித்தது. குழாய் ஜில்லென்று வேர்த்திருந்தது. குளிர்ச்சி இருக்கிறது, அதைத் தள்ளிவிடக் காற்றுத்தான் இல்லை. அந்த அளவு எனக்கே புரிந்தது. அதற்கு மேல் தெரிந்த மாதிரி நடிக்கத்தான் தெரியும். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே கம்பி அறுந்திருக்கவில்லை. இரண்டு முனையிலும் நான் வைத்த சந்தனம் பத்திரமாக இருந்தது. சாமிக்கு வைத்தது இருக்கிற இடத்தில் குற்றம் இருக்குமா என்று அதை அப்படியே மாட்டி, பீஸு நல்லாத்தான் இருக்கு என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். பிறகு தீக்குச்சியால் எங்கெங்கோ குத்திக்கொண்டிருந்தேன்.

"குத்தாதீக. மொதல்ல மோட்டாருக்குக் கரண்டு வருதான்னு பாருங்க."

தலையைத் தூக்கினேன். அவள்தான். அவளுடைய அப்பா, உள்ளே போ என்று மெதுவாகச் சொன்னார். அவளும் போனாள். விட்டது என்று அவர் மூச்சு விடுவதற்குள் ஒரு வயர்கூடையோடு திரும்பி வந்தாள். அதில் டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன பல்பை எடுத்தாள். இரண்டு ஒயர் கோத்த டெஸ்ட் லேம்ப். சாயக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்சீட்டில் குனிந்தாள். ஒரு முனையைக் கார் பாடியில் வைத்து, மறுமுனையை பிளோயர் மோட்டாருக்குப் போகிற ஒயரில் தொட்டாள். பல்பு எரியவில்லை. என்னிடம் நீளமாக ஒரு ஒயர் கேட்டாள். கொடுத்தேன். பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்கு ஒரு தொடு. பெட்டி உறுமிக்கொண்டு, பல காலத்துத் தூசியையும் ஒரு வேப்பஞ்சருகையும் அம்மா முகத்தில் துப்பியது. மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, வருகிற வழியில்தான் எங்கேயோ நிற்கிறது என்றாள். ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே பின்னால் வந்து ஃபியூஸில் நின்றாள். ஒரு முனையில் பல்பு எரிந்தது, மறுமுனையில் எரியவில்லை. கழற்றிப் பார்த்தாள். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள்.

"இதுல சந்தனம் வச்சது யாரு?"

மாமா வானத்தைப் பார்த்தார். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். எதற்கு என்று கேட்டாள். ஏசி நன்றாக ஓட வேண்டும் என்றுதான் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது. ஈரமாக இருக்கிறவரைக்கும் கொஞ்சம் கரண்டு போயிருக்கிறது, காய்ந்ததும் அடைத்துக்கொண்டது என்று திரும்பாமலேயே விளக்கம் சொன்னாள். ஊக்கு முனையால் சந்தனத்தைச் சுரண்டி, ஃபியூஸைத் துடைத்து மாட்டி விசையைத் திருகினாள். காற்று வந்தது. குளுகுளுவென்று, குங்குமத் தூளோடு வந்தது.

அம்மா கண்ணைத் திறந்தாள். முகத்தில் வேப்பஞ்சருகை எடுத்துப் போட்டுவிட்டு, இதெல்லாம் எங்கே படித்தாய் தாயி என்று கேட்டாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"மோட்டாருக்குக் காயில் கட்டுற கடைக்கு மூணு வருசமா வேலைக்குப் போறேன்ம்மா. வீட்டோட இருக்கேன்னு சொன்னது பொய்யி. கல்யாணம் முடிஞ்சாலும் போவேன்."

சாயக்காரர் சிவப்பும் நீலமும் ஏறிய தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு பெண் உண்மையைச் சொல்லிவிட்டு நிற்கும்போது, நான் அடுத்தவன் காரில் சாய்ந்துகொண்டு நிற்கிறேன்.

"இந்தக் காரு என்னோடது இல்ல. நான் டிரைவரு" என்றேன். மாமா என் காலை மிதித்தார். நேரம் கடந்துவிட்டது.

"தெரியும்" என்றாள் அவள். "சொந்த வண்டிக்காரக வண்டிக்கு இம்புட்டுப் பயப்பட மாட்டாக."

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பின்சீட்டில் நகர்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"வெயில்ல நிக்காத தாயி. உள்ள வந்து ஒக்காரு."

கதவு சாத்திக்கொண்டது. அவர்கள் இருவரும் ஏசிக்குள். ஆண்கள் மூன்று பேரும் வெயிலில். உள்ளே வாய் அசைவது தெரிகிறது, ஒரு சொல் கேட்கவில்லை. கால் மணி நேரம் இருக்கும். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான கால் மணி நேரத்தை நான் ஓட்டியதில்லை. கடைசியில் கண்ணாடி நாலு விரற்கடை இறங்கியது. அம்மா மாமாவைப் பார்த்து, தட்டு மாற்ற நாள் பார்க்கலாமா என்று கேட்டாள். நான் போய் கார் மறைவில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான், சொல்ல வெட்கம் இல்லை.

அந்த அம்பாசிடரை முதலாளி வெகு சீக்கிரமே விற்றுவிட்டார். யார் வாங்கினார்கள், எங்கே உடைத்தார்கள் என்று தெரியாது. பெண் வேலைக்குப் போவதை ஒளிக்கிற காலமும் போய்விட்டது. இப்போது ஜாதகத்தோடு சம்பளச் சீட்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். அந்தப் பொய் போனதில் எனக்கு வருத்தமே கிடையாது.

ஆனால் எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. காற்று வருவதற்கு முன்னாலேயே, இவள் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தபோதே, இவள்தான் மருமகள் என்று முடிவுசெய்துவிட்டதாக அம்மா சொல்வாள். இவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். மயங்கிக் கிடந்தவருக்கு என்ன முடிவு, ஜில்லென்று காற்று பட்டபிறகு வந்த முடிவுதான் அது என்பாள். நானும் இவள் பக்கம். விருந்தாளிகள் வந்தால் இரண்டு கட்சியும் மறுபடி ஆரம்பிக்கும். அம்மா ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. போன வாரம் சொந்தத்தில் ஒரு புதுப்பெண் வீட்டுக்கு வந்து, உங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டாள். இவள் சந்தனத்தில் ஆரம்பித்துச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில், "எங்க அத்தே காத்து வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டாக" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை.