இரண்டரை அடியில் வைத்த கோடு

அக்டோபர் ஒன்பது, வியாழக்கிழமை, காலை ஏழு இருபது. மழை விட்டு, வானம் மூடியே இருந்தது. கால்வாய் வேலைக்காக எங்கள் வீட்டு முன் நின்ற புங்கமரத்தைத் தரையோடு வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கிளைகளை வீட்டுக்காரர்கள் விறகுக்கு எடுத்துக்கொள்ளலாம், அடிமரம் லாரியில் போய்விடும் என்றார் மேஸ்திரி. அடிமரத்தில் ஒரு துண்டு கேட்டேன். லாரி வருவதற்குள் அறுத்துக்கொள்ளச் சொன்னார்.

எனக்கு வேண்டியது விறகு அல்ல. அந்தத் துண்டுக்குள் என் மனைவி அடித்த இரும்பு முளை இருந்தது.

தறிக்கான பட்டுப் பாவு நூலைத் தெருவில் நீட்டும்போது ஒரு முனையை அந்த மரத்தில்தான் கட்டுவோம். பழைய முளை அவளுக்கு எட்டவில்லை. கல்யாணமான இரண்டாம் மாதம், அம்மிக் குழவியால் தன் உயரத்துக்கு வேறொன்று அடித்துக்கொண்டாள். அரசாங்க மரமாயிற்றே, என் வாத்தியார் வேலைக்கு ஆபத்து வருமே என்று திட்டினேன். திட்டிவிட்டு அளந்தும் பார்த்தேன். தரையிலிருந்து மூன்றே முக்கால் அடி. பிறகு பட்டை வளர்ந்து முளையை மூடிவிட்டது. அவள் போய் இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது.

துண்டை அறுக்க முள்ளிப்பட்டிலிருந்து ரம்ப மெஷினோடு வந்த மரம் அறுப்பவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"ஆணி கீணி எதுனா கீதா சார்? பல்லு பூடும்."

இரும்பு இருக்கிற மரத்தை அறுக்க இவர்கள் தயங்குவார்கள், கூலியும் ஏற்றுவார்கள். அதோடு, பெண்டாட்டி அடித்த முளை வேண்டும் என்று எழுபத்தாறு வயதில் தெருவில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்றேன். வெட்டிய அடியிலிருந்து டேப்பால் அளந்து, இரண்டரை அடியில் ஒரு கோடும் ஐந்து அடியில் ஒரு கோடும் போட்டேன். முளை நடுவில் பத்திரமாக இருக்கும் என்பது என் கணக்கு.

முதல் கோட்டிலேயே மெஷின் அலறி நின்றது. சங்கிலி அறுந்து தொங்கியது.

அந்தக் காலத்தில் எங்கள் தெரு மண் தெரு. தார் மேல் தார் போட்டு, என் மூன்று வாசற்படிகளில் இரண்டு புதைந்துவிட்டன. படி ஒன்று ஏழரை அங்குலம். ஒன்றே கால் அடியை நான் கழிக்கவில்லை. முளை சரியாக என் கோட்டில் இருந்தது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் லாரி வந்துவிட்டது. ஜல்தி ஜல்தி என்று மேஸ்திரி சத்தம் போட்டார். அவமானத்தில், எடுத்துக்கொண்டு போகட்டும் என்று நானே சொல்லிவிட்டேன். அடிமரம் முழுசாகப் பெரணமல்லூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போனது.

மத்தியானம் மெஷின்காரர் எங்கள் பின்கட்டில் கிளைகளைக் கோடாலியால் பிளந்துகொண்டிருந்தார். ஈர விறகு, ஆப்பு வைத்தும் நார் விடவில்லை. அறுபத்தெட்டாவது துண்டு விழுந்தபோது, உள்ளே இருந்தது என்ன இரும்பு என்று கேட்டார். சொன்னேன்.

கோடாலியைக் கீழே வைத்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா உளியால நோண்டிக் குடுத்திருப்பேனே சார். அதுக்குப் போயி காசா வாங்கப் போறேன்?"

நான் உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்தேன். அறுப்புக்கும் பிளப்புக்கும் கூலி எழுநூறு, புதுச் சங்கிலிக்கு ஆயிரத்து நூறு. மொத்தம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.