தொட்டிக்குள் நூறு சதவீத வெயில்

ஸ்டூடியோக்காரருக்கு வெளிச்சத்தைப் பற்றி யாரும் பாடம் எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் கெட்டது கதை. முப்பது வருஷமாக மனுஷ முகங்களுக்கு விளக்குப் பிடித்தவர். உள்ளே வருகிற ஆளின் மூக்கைப் பார்த்தே எந்த விளக்கை எங்கே தள்ள வேண்டும் என்று சொல்லிவிடுவார். பாஸ்போர்ட் படத்தில்கூட ஆளை அழகாகக் காட்டி, "இது நான்தானா சார்?" என்று கேட்க வைத்தவர். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஒன்று அவர் பையில் இருந்தது. அதை எடுத்துப் பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை. "கண்ணு எதுக்கு இருக்கு?" என்பார். அந்தக் கண்தான் கடைசியில் அவரைக் கவிழ்த்தது.

அவர் வீட்டு ஹாலில் ஒரு கடல் தொட்டி இருக்கிறது. மீன் தொட்டி என்று சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். மீன் இரண்டே இரண்டு, அதுவும் பேருக்கு. மற்றதெல்லாம் பவளம். மோதிரத்தில் பதிக்கிற பவளம் இல்லை. உப்புத் தண்ணீரில் பாறைமேல் ஒட்டிக்கொண்டு, கிளைவிட்டு, உயிரோடு வளர்கிற பவளம். அதற்குச் சாப்பாடே பெரும்பாலும் வெளிச்சம்தான். ஆக, தொட்டிக்கு மேலே தொங்கும் விளக்குதான் அந்த வீட்டுச் சூரியன். அது எப்போது உதிக்க வேண்டும், எவ்வளவு காய வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதெல்லாம் ஸ்டூடியோக்காரர் முடிவு. வீட்டில் வேறு எந்த விஷயத்திலும் அவருக்கு இந்த அதிகாரம் கிடையாது.

தொட்டிக்கு நடுநாயகமாக இருந்தது ஒரு பச்சைக் கிளைப் பவளம். அது அவருக்குக் கல்யாணத்தோடு வந்தது.

அப்போது அவர் இளவட்டம். ஸ்டூடியோவில் ஏசி படுத்துவிட்டது என்று ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். வந்த ஆள் ஏசியை ரிப்பேர் பண்ணினாரோ இல்லையோ, வீட்டில் தான் வைத்திருக்கும் கடல் தொட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பழைய பிரிட்ஜ் ஒன்றைப் பிரித்து, அதன் கம்ப்ரஸரை வைத்துத் தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கிறாராம். நம்ப முடியாமல் ஸ்டூடியோக்காரர் பார்க்கப் போனார். மறுவாரமும் போனார். அதற்கப்புறம் போகாத வாரமே இல்லை. பவளத்தைப் பார்க்க இத்தனை தடவை வரத் தேவையில்லை, டீ கொண்டுவந்து வைக்கிற தங்கச்சியைப் பார்க்கத்தான் ஆள் வருகிறார் என்று மெக்கானிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. உறைத்ததும் சிரித்துவிட்டார். சிநேகிதர் மச்சான் ஆனார்.

கல்யாணம் முடிந்து தங்கச்சி புருஷன் வீட்டுக்குப் புறப்பட்டபோது, அண்ணன் தன் பவளத்திலிருந்து சுண்டுவிரல் அளவு ஒரு கிளையை வெட்டிக் கொடுத்தார். மூடி போட்ட டப்பாவில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அதை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பதறிக்கொண்டு அவள் வந்து சேர்ந்தாள். கடல் தொட்டி வைக்கிறவர்களுக்குள் இது ஒரு வழக்கம். வேண்டியவர்களுக்குக் கிளை வெட்டித்தான் கொடுப்பார்கள், விற்க மாட்டார்கள். அதில் ஒரு சுயநலமும் உண்டு. என்னுடையது செத்துப்போனால் உன் வீட்டில் அது இருக்கும். வந்து ஒரு கிளை வாங்கிக்கொள்வேன்.

அவர்கள் குடிபோனது ஒற்றை அறை. அதில் கட்டில் பாதி, தொட்டி பாதி. அந்தக் காலத்து விளக்கு ஒரு ராட்சசன். போட்டால் அறையே அடுப்பாகிவிடும். ஆனால் அந்த வெளிச்சம் இருக்கிறதே! வெள்ளையில் துளி மஞ்சள் கலந்து, அசல் மத்தியான வெயில். தண்ணீர் அசைய அசைய, சீலிங் முழுக்க வெளிச்சம் நெளிந்துகொண்டே இருக்கும். இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்துப் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மகள் பிறந்து, மல்லாந்து கிடந்து முதலில் சிரித்தது அப்பாவைப் பார்த்தும் இல்லை, அம்மாவைப் பார்த்தும் இல்லை, சீலிங்கைப் பார்த்துத்தான். வேலை முடிந்ததும் டூல்ஸ் பையோடு மச்சான் வந்துவிடுவார். வருவது பவளத்தைப் பார்க்க என்று பேர். பேசுவது உலகத்துக் கதையெல்லாம். அந்த அறையில் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்.

பிறகு வீடு பெரிதானது, தொட்டி பெரிதானது, சுண்டுவிரல் கிளை ஒரு புதராகவே ஆனது. கூடவே ஸ்டூடியோக்காரரின் வாயும் வளர்ந்திருந்தது, அதுதான் வினை.

எல்.இ.டி விளக்கு வந்த புதிதில் மச்சான் தன் தொட்டிக்கு ஒன்று வாங்கி மாட்டினார். கரு நீல வெளிச்சம். வேலையிடத்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினார். ஸ்டூடியோக்காரரும் போயிருந்தார். போனவர் சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன மச்சான், பவளம் வளக்குறியா, பார் நடத்துறியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. "மூஞ்சிக்கு லைட் புடிக்கிறவனுக்கு இதெல்லாம் எங்க புரியும்?" என்றார். இவர் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஒரு விளக்குக்காக ஆறு வருஷம்! சின்னப் பிள்ளைகள்கூட ஆறு நாளில் சேர்ந்துவிடும். மனைவி மட்டும் அவ்வப்போது அண்ணன் வீட்டுக்குப் போய்வருவாள். வந்ததும் இவர் கேட்க மாட்டார், ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு அவள் பக்கத்திலேயே சுற்றுவார். அவளும் வேண்டுமென்றே ஒன்றும் சொல்ல மாட்டாள்.

இப்படி இருக்கையில் பழைய விளக்குக்குப் பல்பு கிடைப்பது நின்றுபோனது. வேலைக்காக வெளியூரில் இருக்கும் மகள், அப்பாவுக்கு ஒரு புது எல்.இ.டி விளக்கை வாங்கி அனுப்பிவிட்டாள். எந்த விளக்கைக் கிண்டல் பண்ணினாரோ, அதன் சித்தப்பா மகன் மாதிரி ஒன்று. வேறு வழியில்லாமல் மாட்டினார்.

எல்லாம் போனில்தான். நீலத்துக்கு ஒரு கோடு, வெள்ளைக்கு ஒரு கோடு. விரலால் ஏற்றினால் கூடும், இறக்கினால் குறையும். காலையில் மெல்ல விடியவும் சாயங்காலம் மெல்ல அடங்கவும் நேரம் குறிக்கலாம். முதல் தடவை என்பதால் அது ஒரு கேள்வி கேட்டது: பவளத்தை இந்த விளக்குக்குப் பழக்க வேண்டுமா, குறைவாக ஆரம்பித்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டட்டுமா? ஸ்டூடியோக்காரர் 'வேண்டாம்' என்று அழுத்தினார். வெளிச்சம் வைக்க ஒரு போனா அவருக்குச் சொல்லித் தருவது?

அவர் தேடியது வேறு. அந்த ஒற்றை அறை வெளிச்சம். வெள்ளையைக் கூட்டினார், சீலிங் வெறும் சுண்ணாம்பாகத் தெரிந்தது. நீலத்தைக் கூட்டினார், அது அவர் கண்ணுக்கு மங்கலாகவே இருந்தது. இன்னும் கூட்டினார். கடைசியில் இரண்டும் நூறைத் தொட்டபோது, சீலிங்கில் அது வந்தேவிட்டது. அதே வெயில், அதே நெளிவு.

மனைவி சமையலறையிலிருந்து வந்து அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க, அந்த ரூம் மாதிரியே இருக்குங்க!"

"பின்ன? யாருன்னு நெனச்ச?"

அன்றைக்கு இரண்டு பேரும் சோபாவில் உட்காராமல் தரையில் படுத்துக்கொண்டு சீலிங்கைப் பார்த்தார்கள். மகள் நாக்கைத் துருத்திக்கொண்டு தவழ்ந்தது, புது இடத்தில் ஸ்டூடியோ திறந்தபோது ஒரு ஆளும் வராமல் மகளையே இருபது படம் எடுத்தது என்று பழங்கதை பேசித் தீரவில்லை. இந்த வயதில் தரையில் படுத்தால் எழுந்திருக்கத்தான் பாடு. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

நாலைந்து நாளில் பச்சைப் பவளத்தின் நுனிகள் வெளுத்தன. அழகாக இருக்கிறது என்று நினைத்தார் மனுஷன். அடுத்த வாரம் கிளைகள் முழுக்க வெளுத்து, புதர் எலும்புக்கூடு மாதிரி நின்றது. தண்ணீரைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், மீன்களை முறைத்துப் பார்த்தார். விளக்கை மட்டும் சந்தேகப்படவில்லை. கண்ணுக்கு இவ்வளவு இதமாக இருப்பது எப்படிக் கெடுதல் பண்ணும்?

மனைவி தொட்டிமுன் உட்கார்ந்து அழுதாள். இருபத்தெட்டு வருஷம் வளர்த்தது. அவள் அழுதால் இவருக்குத் தாங்காது.

"அண்ணன்கிட்ட இருக்குமே. போய் ஒரு கிளை கேட்டு வாங்கிட்டு வாங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நீ போயேன்."

"நான் போக மாட்டேன். காயப்போட்டது நீங்கதானே? நீங்களே போங்க."

வேறு எதற்காகவும் அவர் அந்தப் படி ஏறியிருக்க மாட்டார். ஏறினார். கதவைத் திறந்த மச்சான் தலை நரைத்து, கொஞ்சம் கூன் போட்டிருந்தார். ஆறு வருஷத்தில் ஆள் இப்படி ஆகிவிட்டாரே என்று இவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். அங்கே இவரைப் பற்றியும் அதே கணக்குதான் ஓடியிருக்கும்.

"வா" என்றார் மச்சான். ஒரே எழுத்து, ஆனால் கதவு முழுசாகத் திறந்தது.

ஸ்டூடியோக்காரர் நின்றபடியே ஒப்பித்தார். "பச்சை வெளுத்துப்போச்சு மச்சான். உன்கிட்ட இருந்து ஒரு கிளை வேணும். அவ அழுதுட்டே இருக்கா."

மச்சான் தன் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். நடுவில் பச்சை இருந்த பாறை மொட்டையாக இருந்தது.

"போய் ரெண்டு வருஷம் ஆச்சு மாப்ள. நாங்க வெளியூர் போயிருந்தப்ப கூலர் நின்னுபோச்சு, தண்ணி சூடாயிடுச்சு. ஊரு பிரிட்ஜெல்லாம் ரிப்பேர் பண்றவன் வீட்டுல கூலர் நின்னுச்சுன்னு எப்படி வெளிய சொல்றது? உன் வீட்டுல இருக்குல்ல, அது போதும்னு மனச தேத்திக்கிட்டேன். ஏன், அவளுக்குத் தெரியுமே. அவ சொல்லல?"

"சொல்லலியே. அவதான் உன்கிட்ட போய் வாங்கிட்டு வரச் சொன்னா."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இல்லாத ஒன்றை வாங்கிவர ஒருத்தி ஆளை அனுப்பியிருக்கிறாள் என்றால், அவள் எதை வாங்கிவர அனுப்பினாள் என்று இரண்டு பேருக்கும் புரிந்தது. மச்சான் சட்டையை மாட்டினார். "வண்டிய எடு. முழுசா செத்துச்சா இல்லையான்னு நான் பாக்குறேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் பவளத்தைப் பார்க்கவில்லை; விளக்கைப் பார்த்தார். போனை வாங்கிப் பார்த்தார். "அடப்பாவி! நீலம் நூறா? வெள்ளையும் நூறா?"

"நீலம் மங்கலாத்தானே இருந்துச்சு..."

"உன் கண்ணுக்கு மங்கல்டா. அதுக்கு அதுதான் உச்சி வெயில். எனக்கு மட்டும் பிறவியிலேயே தெரியுமா என்ன? நானும் முதல் மாசம் ரெண்டு பவளத்தக் கருக்கினவன்தான். நீ பார் நடத்துறியான்னு கேட்டியே, அன்னைக்கு அதுக ரெண்டும் செத்துட்டிருந்துச்சு. அதான் அவ்வளவு கோவம் எனக்கு."

ஸ்டூடியோக்காரர் மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

டார்ச் அடித்துப் புதருக்குள் தேடினார்கள். பாறைக்குப் பின்னால், வெளிச்சம் படாத நிழலில், பச்சை மாறாமல் ஒரே ஒரு குட்டிக் கிளை இருந்தது. இனி இரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். மச்சான் நீலத்தை இருபதுக்கு இறக்கினார், வெள்ளையை ஐந்துக்கு. வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம் என்றார். ஹால் குகை மாதிரி ஆயிற்று.

"கொஞ்சம் வளரட்டும், ரெண்டாக்கி ஆளுக்கொண்ணு வச்சுக்கலாம்," என்று பேச்சு. அதுவரைக்கும் தினமும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போவதாக மச்சான் சொன்னார். வந்தார். பவளத்தை ஒரு நிமிஷம் பார்ப்பார்; பேச்சோ, விளக்கு தானாக அடங்குகிற வரைக்கும் போகும். விட்ட ஆறு வருஷத்துக் கதையே மலைபோல் கிடந்தது. சிரிக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

கிளை தேறியது. வெளிச்சம் ஏற ஏற, அதுவும் நுனிவிட்டு விரல் நீளத்தைத் தாண்டியது. வெட்டுகிற கத்தரியை மச்சான் தினமும் பையில் கொண்டுவருவார். குனிந்து பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் வளரட்டும் மாப்ள." ஸ்டூடியோக்காரரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். "ஆமா ஆமா, அவசரம் என்ன?" இரண்டு மாதத்துக்கு முன்பே வெட்டியிருக்கலாம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். வெட்டிக் கொண்டுபோய்விட்டால் அப்புறம் எதைச் சாக்கு வைத்து வருவது?

ஒருநாள் இந்தக் கூத்தை டீயோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. தம்ளரை டங்கென்று வைத்தாள்.

"அண்ணா, வெட்டிக்கோ. வெட்டிட்டு நாளைக்கும் வா. யாரு உன்ன வரவேணாம்னா?"

கிழடுகள் இரண்டும் கையும் களவுமாக மாட்டிக்கொண்டன. மச்சான் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. கத்தரியை மெதுவாகப் பையில் போட்டார்.

"சரிம்மா. நாளைக்கு வரும்போது வெட்டிக்கிறேன்."