கத்தரித்த படம்

பாண்டி பஜார் கடையில் விற்பனையாளர் போர்ட்ரெயிட் லென்ஸ் ஒன்றை என் கேமராவில் பொருத்திக் காட்டினார்.

"முகம் மட்டும் பளிச்சுனு வரும் சார். பின்னாடி நிக்கறவங்க அப்படியே கரைஞ்சிடுவாங்க."

எனக்கு ஒரு பழைய படம் ஞாபகம் வந்தது.

மயிலாப்பூரில் என் ஏழாவது பிறந்தநாள். ஸ்டூடியோ விளக்குகளைப் பார்த்து அழுத என்னை, எங்கள் வீட்டில் வேலை செய்த பார்வதியம்மாதான் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று சமாதானப்படுத்தினார். ஸ்டூடியோவில் கழுவிய மருந்து வாடைகூடப் போகாமல் வீட்டுக்கு வந்த படத்தைப் பார்த்ததும் அப்பா முகம் சுளித்தார்.

"இவ எதுக்குடா இதுல?"

கத்தரிக்கோலால் பார்வதியம்மா இருந்த பக்கத்தைப் படத்திலிருந்து வெட்டி எறிந்தார். என் தோளில் நான்கு விரல்கள் மட்டும் மிஞ்சின. கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பார்வதியம்மா அந்தத் துண்டை எடுத்துத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என் மூஞ்சி நல்லாத்தானே கீது, நைனா?" என்று என்னிடம் கேட்டார்.

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் கழித்தும் என் சிரிப்புதான் எனக்கு அதிகம் அருவருக்கிறது.

லென்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.