நடுவில் நிற்காத குரல்

ஆடியோ பைத்தியம் பிடிச்சவங்க அடுத்தவன் வீட்டு செட்டோட தன் செட்டை ஒப்பிட்டுப் பார்ப்பாங்களான்னு கடைக்கு வந்த ஒருத்தர் கேட்டார். நல்லா கேட்டீங்க போங்க! வேற என்ன சோலி எங்களுக்கு? எதிராளி வாயால 'உங்க செட்டுதான் ஒசத்தி'ன்னு ஒரு வார்த்தை வாங்கணும். அதுக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

எனக்கு எதிராளி, பாச்சலூர்ல காப்பித் தோட்டம் வச்சிருக்கிற ஒரு தம்பி. நான் கொடைக்கானல்ல சாக்லேட் கடை வச்சிருக்கேன். கடைக்கு லீவு விட்டா நான் அங்க போவேன், இல்ல அவர் இங்க வருவார். போட்டிக்குன்னே ஒரு ரெக்கார்டு, பக்கவாத்தியம் இல்லாம ஒத்த ஆள் பாடினது. நல்ல செட்டுன்னா பாடுறவர் குரல் ரெண்டு ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவுல வந்து நிக்கணும். கேட்டு முடிச்சதும் தம்பி மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டு, "பரவால்லண்ணே" என்பார். அந்தப் பரவால்லவைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

போன மழைக்காலத்துல அவர் வீட்ல குரல் நடுவுல நிக்கல. வலப்பக்கமா ஒதுங்கிப் போச்சு. எனக்குக் கொண்டாட்டம். "ஏய்யா, உம்ம இடது பெட்டி செத்துப் போச்சுய்யா!" ன்னேன். எங்க வீட்டு செட்டும் கொஞ்ச நாளா அப்படித்தான் இருந்துச்சு. பனி ஈரம் பெட்டிக்குள்ள ஏறியிருக்கும்னு நெனச்சேன். அதைப் பத்தி அவர்கிட்ட நான் மூச்சு விடல.

அவர் பெட்டிகிட்டப் போய்க் காதை வச்சுப் பார்த்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அண்ணே, செட்டுக்கு முதுகைக் காட்டி உக்காருங்க" ன்னார். இது என்ன கூத்துன்னு திரும்பி உக்காந்தேன்.

"இப்ப குரல் எந்தப் பக்கம்ணே?"

"வலப்பக்கந்தான்."

பாட்டை நிறுத்திட்டார். உள்ள போய்க் காப்பி கொண்டு வந்தார். டம்ளரை என் கையில குடுத்துட்டு, "உங்க செட்டுதாண்ணே ஒசத்தி" ன்னார்.

பஸ்ல வர்ற வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியல. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் வீட்டுக்காரிகிட்ட, "ஒத்துக்கிட்டான்டீ!" ன்னேன். அதே ரெக்கார்டைப் போட்டேன். குரல் வலப்பக்கம். அவர் சொன்ன மாதிரியே முதுகைக் காட்டி உக்காந்து பார்த்தேன். பெட்டியில கோளாறுன்னா குரல் இப்ப என் இடக்கைப் பக்கம் வந்திருக்கணும்.

வரல.

அந்த நாற்காலியில எவ்வளவு நேரம் கெடந்தேனோ தெரியல. பாட்டு முடிஞ்சு முள்ளு சும்மா ஓடிக்கிட்டிருந்துச்சு. இடது காது நரம்பு போயிருச்சு, இனி திரும்பாதுன்னு மதுரை டாக்டர் சொன்னது அப்புறம். அதுக்கு முன்னாடியே அந்தத் தம்பிக்குத் தெரிஞ்சிருக்கு.

போன வாரம் ரெக்கார்டோட வந்தார். போட்டுக் கேட்டோம். மூக்கைச் சொறியுறாரான்னு அவர் கையையே பார்த்துக்கிட்டிருந்தேன். சொறியல.

"எப்படிய்யா இருக்கு?"

"உங்களுதுதாண்ணே ஒசத்தி."

"பொய் பேசாதய்யா! பரவால்லன்னு சொல்லுய்யா, பழையபடி சண்டை போடுய்யா!" ன்னு கத்திட்டேன். அடுப்படியிலருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தா.

அவர் எந்திரிச்சு, நாற்காலியைத் தூக்கிட்டு வந்து என் வலப்பக்கத்துல போட்டு உக்காந்தார்.

"உங்களுதுதாண்ணே" ன்னார்.